கும்பாபிஷேகத் தேதி குறித்தாச்சா?

இந்த மாதப் பாடம் திட்டம் போடுவதைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், திட்டம் போட்டுக்கொண்டே இருப்பதைப் பற்றியது.

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்கு வரும் இளைஞர்களிடம் வருஷ ஆரம்பத்தில் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த வருஷம் என்ன செய்யப் போறீங்க?" பதிலுக்குப் பஞ்சமே இருக்காது. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டுவார்கள், கைப்பேசியைத் திறந்து காட்டுவார்கள். அப்படி ஒரு படிவம் ஐந்து தம்பி எஸ்.பி.எம். தேர்வுக்காகப் போட்ட கால அட்டவணையைக் காட்டினார். நாலு கலர் ஹைலைட்டர். காலை 4.30-க்கு எழுந்திருத்தல், 4.45-க்கு தியானம், 5 மணிக்கு செஜாரா, பள்ளி முடிந்து வந்ததும் அட்மேட்ஸ், இரவு 11.30 வரைக்கும் ஒரு கட்டம்கூட காலி இல்லை. சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிஷம்.

"எத்தனை நாள் இப்படி நடந்துச்சு?"

"ரெண்டு நாள்தாண்ணா. மூணாவது நாள் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதாச்சு. அதோட விட்டுப் போச்சு."

"அப்புறம்?"

"புதுசா ஒண்ணு போட்டுக்கிட்டிருக்கேன். இது இன்னும் பெர்ஃபெக்ட்டா இருக்கும்."

சிரிக்க வேண்டாம். இந்தத் தம்பி நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து விற்கலாம் என்று முடிவு செய்த ஒரு தங்கை இருக்கிறார். அம்மா கைப்பக்குவம் தாமான் முழுக்கப் பிரசித்தம். பேருக்கு எண் கணிதம் பார்த்தாச்சு, இன்ஸ்டாகிராம் பக்கம் திறந்தாச்சு. ஆனால் இரண்டு தீபாவளி போய்விட்டது. கேட்டால், "லோகோ இன்னும் செட்டாகலைண்ணா" என்கிறார். தேவாரம் பாட ஆசைப்படும் இன்னொரு தங்கை, எல்லாப் பண்ணும் சரியாக வந்த பிறகுதான் கோயிலில் வாயைத் திறப்பேன் என்று வைராக்கியமாக இருக்கிறார். பன்னிரு திருமுறையில் 18,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. எப்போ வரும் அந்த நாள்?

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்கிற பெரியவர்களோடு எனக்கு ஒத்துப் போவதில்லை. சோம்பேறி நாலு கலரில் அட்டவணை போட மாட்டான். திருவள்ளுவரும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை. மடியின்மைக்கு முந்திய அதிகாரமான ஊக்கமுடைமையைத் தாண்டி வந்து, 61-ஆம் அதிகாரத்தில் ஒருவனைக் கெடுக்கும் நான்கு விஷயங்களை அவர் வரிசைப்படுத்தும்போது, காலம் நீட்டிக்கும் பழக்கத்தைத் தனியாகவும் சோம்பலைத் தனியாகவும் எண்ணுகிறார். தள்ளிப் போடுகிறவன் எல்லாம் சோம்பேறி என்றால் அவர் மூன்றோடு நிறுத்தியிருப்பாரே!

அப்படியானால் இந்தத் தம்பியையும் தங்கைகளையும் பிடித்து வைத்திருப்பது எது? குறையே இல்லாமல் செய்யணும், இல்லாட்டி தொடவே கூடாது என்கிற பிடிவாதம். ஆங்கிலத்தில் பெர்ஃபெக்‌ஷனிசம் என்று சொல்வார்கள். வேலைக்கான நேர்முகத்தில்கூட சிலர் இதை ஒரு பெருமை மாதிரி சொல்லிக்கொள்கிறார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கனடாவைச் சேர்ந்த ஹூயிட், ஃபிளெட் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1991-இல் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். தன்னிடமே குறையில்லாமையை எதிர்பார்ப்பது ஒன்று. மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, மற்றவர்கள் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வாழ்வது. இந்த மூன்றாவதற்கு நம்மிடம் ரொம்ப காலமாகவே ஒரு பெயர் இருக்கிறது: "நாலு பேர் என்ன சொல்வாங்க?" அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் 1989 முதல் 2016 வரை 40,000-க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் திரட்டிய விவரங்களை இரண்டு ஆய்வாளர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது மூன்று வகையும் கூடியிருந்தன. அதிலும் வேகமாகக் கூடியது இந்த நாலு பேர் வகைதான். எஸ்.பி.எம். முடிவு வரும் வாரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இது திட்டத்தை எப்படிக் கெடுக்கிறது என்று பார்ப்போம். குறையில்லாத திட்டம், குறையில்லாத ஒரு மனிதனுக்காகப் போடப்படுகிறது. அவனுக்குத் தலைவலி வராது. பஸ் தாமதமாகாது. பாட்டிக்கு உடம்பு முடியாமல் போகாது. அந்த மனிதன் யாரும் அல்ல. நிச்சயமாக நாம் அல்ல. 1994-இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், பட்டப்படிப்பின் கடைசி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று சொன்னார்கள். சரி, எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதாவது, மோசமான நிலையைக் கற்பனை செய்யச் சொன்னபோதுகூட அவர்கள் கொஞ்சம் நல்ல நாளாகத்தான் கற்பனை செய்திருக்கிறார்கள். மனுஷ மனசு அப்படித்தான். அந்த மனசோடு பெர்ஃபெக்ட் பிடிவாதமும் சேர்ந்தால், கட்டம் காலியில்லாத அட்டவணை பிறக்கிறது. மூன்றாம் நாள் அது செத்தும் போகிறது.

இனி நம் சமயம் இதைப் பற்றி என்ன காட்டுகிறது என்பதற்கு வருகிறேன். பூசலார் நாயனார் கதையிலிருந்து தொடங்கலாம். எல்லாருக்கும் தெரிந்த கதை என்று தாண்டிப் போகாதீர்கள், நாம் அதைப் பாதிதான் கேட்டிருக்கிறோம்.

சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்வது இது. திருநின்றவூரில் வாழ்ந்த பூசலாருக்குச் சிவபெருமானுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று ஆசை. முதலில் பணத்தைத் தேடி அலைகிறார். கிடைக்கவில்லை. பிறகு மனத்துக்குள்ளேயே கட்ட முடிவு செய்கிறார். காஞ்சியில் காடவ மன்னன் பெரிய கற்கோயில் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். அதற்கு முந்திய இரவு இறைவன் கனவில் வந்து, நாளைக்கு நான் பூசலார் கட்டிய கோயிலுக்குள் போகிறேன், உன் விழாவை வேறு நாளுக்கு மாற்றிக்கொள் என்று சொல்கிறார். மன்னன் திருநின்றவூருக்குப் போய்க் கோயிலைத் தேடுகிறான். ஊரில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பூசலாரையே கண்டு, அந்தக் கோயில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு விழுந்து வணங்குகிறான். இன்று அந்த ஊரில் இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது.

மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கதையை "மனசு சுத்தமா இருந்தா போதும்" என்று முடித்துவிடுவார்கள். இதைக் கேட்கும் நம் முறுக்குத் தங்கைக்கு ரொம்ப ஆறுதலாக இருக்கும். நானும்தான் இரண்டு வருஷமாக மனசுக்குள்ளே கடை நடத்துகிறேன் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் சேக்கிழார் அவ்வளவு சுலபமாக விடவில்லை. பூசலார் மனத்துக்குள் என்ன செய்தார் என்பதை அவர் ஒரு கட்டடக் கணக்கு மாதிரி சொல்கிறார். பொருளைச் சேர்த்தார். கல்லும் மரமும் கொண்டுவந்தார். தச்சர்களைத் தேடினார். நல்ல நாள் பார்த்து வேலையைத் தொடங்கினார், இராத்திரியும் தூங்காமல் செய்தார். அடித்தளம் போட்டு, மேலே மேலே எழுப்பி, விமானத்தை இத்தனை முழம் என்று அளவு பார்த்து முடித்து, சிகரத்துக்கு வந்து, சுதை வேலை பார்த்து, கிணறு வெட்டி, மதில் எழுப்பி, குளமும் தோண்டினார். அதன் பிறகு குடமுழுக்குக்கு நாள் குறித்தார்.

கவனியுங்கள். நாள் குறித்தார்!

மனக்கோயிலில் கல்லுக்குப் பஞ்சம் இல்லை, கூலி பாக்கி இல்லை, நகராண்மைக் கழக அனுமதி தேவையில்லை. நம் தம்பி அட்டவணையை மாற்றி மாற்றி எழுதுவது போல, அவரும் விமானத்தை இன்னும் ஒரு முழம் உயர்த்தலாம், சுதையை அழித்துத் திரும்பப் பூசலாம் என்று ஆயுள் முழுக்க ஓட்டியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? வெளியே தெரியாத கோயிலுக்குக் கெடு எதற்கு? ஆனாலும் அவர் ஒரு நாளோடு வேலையை முடித்துக்கொண்டார். இறைவன் மன்னனுடைய விழாவைத் தள்ளி வைக்கச் சொன்னதுகூட அந்தத் தேதிக்காகத்தான். பூசலாரின் கோயிலுக்கு நாளே குறிக்கப்படாமல் இருந்திருந்தால், கனவுக்கே வேலை இருந்திருக்காது என்பது என் கருத்து.

இன்னொன்றையும் பாருங்கள். பணம் கிடைக்காதபோது அவர் கோயிலைக் கைவிடவில்லை. பணம் வரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. கையில் எது இருந்ததோ அதில் கட்டினார். அவரிடம் இருந்தது மனசு. நம் தங்கையிடம் அம்மாவின் அடுப்பும் இரண்டு முறுக்கு உழக்கும் இருக்கிறது. பூசலாரைவிட வசதிதான்.

சரி, நாள் குறித்துச் செய்தால் குறை வராதா? வரும். இதற்கு நம் கோயில் வழிபாட்டிலேயே பதில் இருக்கிறது. வாரா வாரம் கோயிலுக்குப் போகிறோம், ஆனால் அதை நாம் பாடமாகப் பார்ப்பதில்லை. பூசை முடியும்போது குருக்கள் ஒரு வேண்டுதல் சொல்வார். மந்திரத்தில், செய்முறையில், பக்தியில் ஏதாவது குறை இருந்தால் பொறுத்துக்கொண்டு இதை முழுமையாக ஏற்றுக்கொள் என்பது அதன் கருத்து. பல வருஷம் வேத ஆகமம் படித்தவர், தினமும் அதே பூசையைச் செய்கிறவர், அவரே குறை இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் முடிக்கிறார். யாகசாலையில் பூர்ணாஹுதிக்கு முன்னால் பிராயச்சித்த ஆஹுதி கொடுப்பதும் இதற்காகத்தான். செய்கிற மனுஷனுக்குத் தவறும் என்று தெரிந்து, அந்தத் தவறுக்கு நிகழ்ச்சி நிரலிலேயே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு மந்திரம் தடுமாறிவிட்டது என்று யாகத்தை நிறுத்திவிட்டு, அடுத்த திங்கட்கிழமை முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று எந்தக் குருக்களாவது எழுந்து போய் பார்த்திருக்கிறீர்களா?

கும்பாபிஷேகமே ஒரு தடவை செய்து முடிந்துபோகிற விஷயம் கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்து மறுபடி நடத்துவது வழக்கம். வண்ணம் மங்கும், சுதை உதிரும், மழைத்தண்ணீர் இறங்கும் என்று முன்கூட்டியே தெரியும். ஆகவே இன்றைக்கு முடிக்கக்கூடியதை இன்றைக்கு முடி, திருத்தத்துக்கு வேறொரு நாள் இருக்கிறது என்பது கோயில் கட்டும் முறையிலேயே இருக்கிறது.

பத்துமலையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் பார்க்கும் பத்துமலை ஒரே நாளில் வரவில்லை. கே. தம்புசாமி பிள்ளை 1891-இல் அந்தக் குகையில் வழிபாட்டைத் தொடங்கி வைத்தார். 1892-இலேயே தைப்பூசம் ஆரம்பமாகிவிட்டது. மேலே ஏற மரப்படிகள் வந்தது 1920-இல். நாம் மூச்சு வாங்க எண்ணிக்கொண்டே ஏறும் 272 கான்கிரீட் படிகள் அதற்கும் பிறகு. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை திறக்கப்பட்டது 2006 ஜனவரியில். படிகளுக்கு இப்போதைய வண்ணம் அடித்தது 2018-இல், எல்லாரும் போட்டி போட்டுப் படம் எடுத்தோமே! படிக்கட்டு கட்டி, சிலை வைத்து, கலர் அடித்த பிறகுதான் முதல் தைப்பூசம் என்று அன்றைக்கு முடிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு தங்கை கை தூக்குவார் என்று தெரியும். வகுப்பிலும் தூக்கினார். "அப்போ ஏனோதானோன்னு செய்யலாமாண்ணா? ஔவையார் ஆத்திசூடியில செய்யறதைத் திருத்தமா செய்யச் சொல்லியிருக்காங்களே?" நல்ல கேள்வி. ஔவையார் சொன்னதை ஒரு எழுத்தும் குறைக்க நான் தயாராக இல்லை. ஆனால் அவர் பேசுவது செய்கிற காரியத்தைப் பற்றி. செய்யாமல் மூடி வைத்திருக்கும் காரியத்தை எப்படித் திருத்துவது? மாவு பிசைந்து எண்ணெயில் போட்டு எடுத்தால்தான் உப்பு கூடவா குறைவா என்று நாக்குக்குத் தெரியும்.

தரம் வேறு, இந்தப் பிடிவாதம் வேறு. தரம் பார்க்கிறவன் வேலை முடிந்த பிறகு அதைப் பார்த்து, அடுத்த தடவை எதை மாற்றலாம் என்று யோசிப்பான். பிடிவாதக்காரன் வேலை தொடங்கும் முன்பே தன்னைப் பார்த்து, இதுக்கு நான் லாயக்கா என்று யோசிப்பான். அந்தக் கேள்விக்கு முடிவே இல்லை. சில வேலைகளில் குறையே கூடாது என்பதும் உண்மைதான். திருவிழா மேடைக்கு மின்சார வயர் இழுக்கிறவர், மருந்து அளக்கிறவர், பரீட்சைத் தாளில் அடையாள எண் எழுதுகிற நீங்கள், இங்கெல்லாம் இரண்டு தடவை, மூன்று தடவை சரி பாருங்கள். எதற்கு அப்படிப் பார்க்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரிக்கத் தெரிவதுதான் திட்டமிடல். பொருட்பாலில் வள்ளுவர் இதற்கே 47 முதல் 50 வரை நான்கு அதிகாரம் ஒதுக்கி, செயல், வலிமை, காலம், இடம் என்று எல்லாவற்றையும் எடைபோடச் சொல்கிறார். யோசிக்காமல் இறங்குகிறவனை அவருக்குப் பிடிக்காது. ஆனால் 68-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, யோசனையின் எல்லை ஒரு முடிவுக்கு வருவது, வந்த முடிவைக் கிடப்பில் போடுவது கேடு என்று சொல்லிவிடுகிறார். யோசனைக்கு எல்லை உண்டு என்பதை அந்தத் தம்பிக்கு நான் இரண்டு தடவை சொன்னேன்.

பகவத் கீதையிலும் இதற்கு ஒரு பதில் உண்டு. கடைசி அத்தியாயமான பதினெட்டாவதில், நெருப்பைப் புகை மூடியிருப்பது போல எல்லா முயற்சிகளையும் ஏதோ ஒரு குறை மூடியிருக்கிறது, அதற்காக உன் வேலையை விட்டுவிடாதே என்று கண்ணன் சொல்கிறார். நம் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் கணபதி ஹோமம் செய்யும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்போம். விறகு ஈரம், ஜன்னல் சின்னது. புகை வருகிறது என்று யாரும் நெருப்பை அணைப்பதில்லை. விசிறி எடுத்து வீசுகிறோம், காய்ந்த குச்சி போடுகிறோம். எரிய எரியப் புகை குறையும். எரிவதற்கு முன்னால் புகையை நீக்க வழி கிடையாது.

அடுத்தது, பாதியில் உடைந்துபோகும் திட்டங்கள். என் அனுபவத்தில் தொடங்காமல் போகும் காரியங்களைவிட இப்படி உடைந்து போகும் காரியங்கள்தான் அதிகம். "முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு" என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அது இந்த மனநிலையின் படம். தைப்பூச விரதத்தில் ஒரு நாள் மறந்து போய் நண்பனோடு மாமாக் கடையில் முட்டை ரொட்டி சாப்பிட்டுவிட்டால், "போச்சு, விரதம் கெட்டுப் போச்சு" என்று அன்றைக்கே கோழியும் சாப்பிட்டு முடிக்கிற ஆள் நமக்குத் தெரியும். ஒரு நாள் தவறியது ஒரு நாள்தான். மீதி நாட்களைக் கெடுத்தது அந்த முட்டை ரொட்டி இல்லை. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற கணக்கு.

அர்ச்சுனனுக்கே இந்தப் பயம் இருந்திருக்கிறது. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், நம்பிக்கையோடு யோகத்தைத் தொடங்கி நடுவில் மனம் தடுமாறியவன் என்ன ஆவான், சிதறிய மேகம் மாதிரி இரண்டு பக்கமும் இல்லாமல் அழிந்து போவானா என்று கேட்கிறான். இல்லை என்கிறார் கண்ணன். நல்லதைச் செய்தவன் கெட்ட நிலைக்குப் போக மாட்டான். அடுத்த பிறவியில் விட்ட இடத்திலிருந்து தொடர்வான். ஒரு பிறவி முடிந்தே விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றால், செவ்வாய்க்கிழமை தவறிய அட்டவணையைப் புதன்கிழமை தொடரக் கூடாதா? ஏன் எல்லாரும் அடுத்த திங்கட்கிழமைக்குக் காத்திருக்கிறீர்கள்? அந்தத் திங்கட்கிழமையில் அப்படி என்ன விசேஷம்?

வகுப்பில் நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் தேதி. என்ன செய்யப் போகிறோம் என்பதை எழுதும் முன்பே, எப்போது முடித்துக் காட்டப் போகிறோம் என்று எழுதுவது. பிறகு அந்தத் தேதிக்குள் என்ன அடங்குமோ அந்த அளவுக்குக் காரியத்தைச் சின்னதாக்குவது. தேவாரத் தங்கையின் பட்டியலில் பண் முழுவதும் இருந்தது. சம்பந்தரின் ஒரு பதிகத்தில் பெரும்பாலும் பதினொரு பாடல். அதில் முதல் பாட்டு ஒன்றே ஒன்று, மூன்று வாரத்தில் வெள்ளிக்கிழமை பூசையில் பாடுவது என்று சுருக்கினோம். பாடினார். இரண்டாவது அடியில் சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டது. ஓதுவார் ஐயா பூசை முடிந்ததும் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் நாலு தடவை பாட வைத்தார். இரண்டு வருஷமாக யூடியூப் பார்த்தும் அவருக்குக் கிடைக்காத பாடம் அது. ஏனென்றால் எந்த இடத்தில் இறங்குகிறது என்று பாடினால்தானே ஐயாவுக்கே தெரியும்?

தம்பியின் அட்டவணையில் நாங்கள் செய்தது வேறு மாதிரி. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். சனிக்கிழமையில் ஒன்றும் எழுதவில்லை. "இது என்னண்ணா, காலியா இருக்கு?" என்றார். பாட்டிக்கான கட்டம் என்றேன். வாரத்தில் ஏதாவது ஒரு நாள் தவறத்தான் போகிறது, அது சனிக்கிழமை வந்து உட்காரும். எதுவும் தவறவில்லை என்றால் போய் பந்து விளையாடட்டும். கூடவே, தவறினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே ஒரு வரியில் எழுதச் சொன்னேன்: "ஒரு நாள் விட்டுப் போனால், மறுநாள் அன்றைய பாடத்தை எடுப்பேன், விட்டதைச் சனிக்கிழமை பார்ப்பேன்." இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன் என்று முன்பே எழுதி வைப்பது காரியத்தை நடத்த உதவுகிறது என்று கோல்விட்சர் என்ற உளவியல் அறிஞர் பல வருஷம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தம்பி பன்னிரண்டு வாரத்தில் எட்டு வாரம் ஒழுங்காக நடத்தினார். நாலு வாரம் சொதப்பல். பழைய நாலு கலர் அட்டவணையோடு ஒப்பிட்டால் எட்டு வாரம் எங்கே, இரண்டு நாள் எங்கே!

முறுக்குத் தங்கை நவராத்திரிக்கு முதல் நாளைத் தேதியாகக் குறித்தார். பன்னிரண்டு போத்தல், தாமானுக்குள் மட்டும், ஸ்டிக்கர் இல்லாமல். உப்பு கூடிப் போச்சு என்று இரண்டு வீட்டில் சொன்னார்கள், ஒரு வீட்டில் இன்னும் நாலு போத்தல் கேட்டார்கள். லோகோ இன்னும் செட்டாகவில்லை.

ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். சில பேருக்கு இது அட்டவணையோடு நிற்பதில்லை. ஒரு பி கிடைத்தால் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, தன்மேலேயே வெறுப்பு வரும். உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ அப்படி இருந்தால் இந்தப் பாடம் போதாது. பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமோ, நம்பும் ஒரு பெரியவரிடமோ, மருத்துவரிடமோ பேசுங்கள். பெயர் சொல்லாமல் பேச நினைத்தால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு இருக்கிறது. பேசுவதற்கும் பெர்ஃபெக்ட்டான வார்த்தை தேட வேண்டாம்.

கிளைகளில் இந்தப் பாடத்தை நடத்தப் போகும் அண்ணன் அக்காமார்களுக்கு: பூசலார் கதையைப் பத்து நிமிஷத்தில் ஒரு இளையவரைச் சொல்ல வையுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள். பிறகு எல்லாருக்கும் அரைத் தாள் கொடுங்கள். முழுத் தாள் கொடுத்தால் அலங்காரம் பண்ண ஆரம்பித்துவிடுவார்கள். மேலே ஒரு தேதி, அதன் கீழே அந்தத் தேதிக்கு யார் முன்னால் எதைக் காட்டப் போகிறோம், அதற்கும் கீழே தவறினால் என்ன செய்வோம். மூன்றே வரி, பேனாவில். தேதி இன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து வைக்கட்டும், வீட்டுக்குக் கொண்டுபோனால் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். ஹைலைட்டரை மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.